கொன்றையடி ஒன்றியத்துக்கு ஒரு முகவுரை

1

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, "லொட்டரி ஏதும் விழுந்ததா?" என்று கேட்டுவிட்டாள். லொட்டரி கிடக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம். சொல்கிறேன், கேளுங்கள்.

ஜனவரி இருபத்தாறு. அன்று நீங்கள் கொடியேற்றிவிட்டு, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்து வீணாகிவிட்டதே என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். அதே நாளில் இங்கே டொரொண்டோவில், மில்லிக்கன் பக்கம் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் விழா மண்டபத்தில், அறுபது பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நான் ஒரு சாசனத்தின் முகவுரையை வாசித்தேன். நானே எழுதிய முகவுரை! திண்டுக்கல் கோர்ட்டில் ஒன்பது வருஷம் அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தவள் நான்.

எல்லாம் டிசம்பரில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அழைத்தவர் சிவபாதம் அண்ணை. என் கணவர் ரவியின் ஊரான கொன்றையடி, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இங்கே நடத்தும் ஒன்றியத்துக்கு அவர்தான் தலைவர். முப்பது வருஷம் இந்த நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரிடமும் சத்தம் போட மாட்டார். ஆனால் பேருந்து ஓட்டியவர்களுக்கே உரிய பிடிவாதம் ஒன்று உண்டு, குறித்த இடத்தில்தான் நிறுத்துவார்.

"தங்கச்சி, எங்கடை யாப்புக்கு ஒரு முகவுரை வேணுமாம். நீங்கள் கோட்டிலை வேலை செய்தனீங்கள். உங்கடை இந்தியாவிலைதானே உலகத்திலேயே பெரிய யாப்பு இருக்கு. ஒரு பக்கம் எழுதித் தாங்கோவன்."

அரசியல் சாசனத்தை இவர்கள் யாப்பு என்பார்கள், சங்கத்தின் சட்டதிட்டமும் யாப்புதான். விஷயம் இதுதான்: கோடை விழாவுக்குப் பொது மண்டபம் ஒன்றைப் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறார்கள். அந்த அலுவலகம் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. உங்கள் சங்கம் எதற்காக இருக்கிறது, யார் யார் உறுப்பினர், இது இரண்டும் தெளிவாக எழுதிய, பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய யாப்பு வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்போடு, இரண்டு பிரதி.

"ஏன் இருக்கிறம் எண்டு இந்த முப்பது வருஷத்திலை ஒருத்தரும் எங்களைக் கேட்கேல்லை, தங்கச்சி" என்றார் அண்ணை, மனம் நொந்து.

நான் ஒரு கணம்கூட யோசிக்காமல் "எழுதித் தர்றேண்ணே" என்று சொல்லிவிட்டேன். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் என் வாயில் திண்டுக்கல் திரும்பிவிடும். மற்ற நேரங்களில் கலவைதான். ஊரில் அக்காவிடம் 'அப்புறம் பேசறேன்' என்பதற்குப் பதில் "பேந்து கதைக்கிறேன்" என்று சொல்லப்போய், அவள் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

2

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் முகவுரை எழுதப்போகும் அந்த ஒன்றியத்தில் எனக்கு வாக்கு கிடையாது.

ரவியை நான் கைப்பிடித்த கதை சின்னது. அவருடைய அத்தை குடும்பம் அப்போது தமிழ்நாட்டில் அகதிகளாக இருந்தது. அத்தையின் பிறப்புச் சான்றிதழ் போரில் தொலைந்துபோனதால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வேண்டியிருந்தது. கனடாவிலிருந்து வந்த மருமகன், அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். மூன்று முறை எழுத்துப்பிழை சொல்லித் திரும்ப வந்தார். மூன்றில் ஒன்றுதான் நிஜமான பிழை. இருபது வருஷத்துக்கு முந்தைய கதை அது.

அந்த இருபது வருஷமும் நான் கொன்றையடி ஒன்றியத்தின் 'இணை உறுப்பினர்'. யாப்பின் நாலாவது பிரிவு அப்படிச் சொல்கிறதாம்: கொன்றையடியில் பிறந்தவர் முழு உறுப்பினர். வேறிடத்திலிருந்து மணம் முடித்து வந்தவர்களும், இங்கே பிறந்த பிள்ளைகளும் இணை உறுப்பினர். இணை உறுப்பினர் எல்லாம் செய்யலாம். பொங்கல் விழாவுக்குக் கோலம் போடலாம், அழைப்பிதழ் அடிக்கலாம், கூட்டக் குறிப்பு எழுதலாம். வாக்கு மட்டும் போட முடியாது.

இதில் ஒரு வழக்கம் உண்டு, சொன்னால் நம்ப மாட்டீர்கள். பொதுக்கூட்டத்தில் தலைவர் "சரி, இப்ப வாக்கெடுப்பு" என்று சொன்னதும், இணை உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து சமையலறைக்குத் தேநீர் போடப் போவோம். யாரும் போகச் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்து அடுத்தவர் கை தூக்குவதைப் பார்ப்பதற்கு ஒரு மாதிரி இருக்கும் என்று யாரோ ஒருத்தி முதலில் எழுந்து போயிருப்பாள். பிறகு அதுவே முறையாகிவிட்டது. மட்டக்களப்பு மருமகள், வவுனியா மருமகன், நான், இங்கே பிறந்த பிள்ளைகள் என்று ஒரு இருபது பேர். வாக்கெண்ணி முடியும்போது தேநீர் சரியாகக் கொதித்திருக்கும். நான் அதுவரை எழுதிய குறிப்பேட்டை ரவியின் மடியில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது, "என்ன முடிவாச்சு?" என்று கேட்டு மிச்சத்தை எழுதுவேன்.

இத்தனை வருஷமாக அதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றியதில்லை என்று சொன்னால் பொய். தோன்றும். ஏலக்காய் தட்டும்போது கொஞ்சம் பலமாகத் தட்டுவேன், அவ்வளவுதான்.

3

முகவுரை எழுத உட்கார்ந்தால் முதல் வரியே நகரவில்லை. நம் நாட்டு முகவுரையை எடுத்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் முன்பக்கத்தில் இருக்குமே, நாம் யாரும் படிக்காமல் தாண்டிப்போகும் பக்கம், அதேதான்.

படித்துப் பாருங்கள், தயவுசெய்து ஒருமுறை படித்துப் பாருங்கள்! என்ன ஒரு வாக்கியம்! முழுதும் ஒரே வாக்கியம். தட்டச்சு செய்கிறவளுக்கு முற்றுப்புள்ளி வராத வாக்கியம் என்றால் எரிச்சல்தான் வரும். எனக்கு இந்த முறை மூச்சுவிட மனமில்லை. எடுத்த எடுப்பில் ராஜா இல்லை, சாமி இல்லை, சட்டசபை இல்லை. 'மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. நடுவில் நாலு பெரிய சொல்: நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். கடைசியில், இந்தச் சாசனத்தை நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்று முடிகிறது. கொடுப்பதும் நாம், வாங்குவதும் நாம். இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லித்தரவில்லை. மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், செய்தேன், மறந்தேன்.

என் மகள் மைதிலிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல், இப்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு தமிழ்ச் சொல். ஒன்றியத்து விழா என்றாலே 'அசைன்மெண்ட் இருக்கு' என்று அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் அன்றைக்கு என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, வாட்ஸ் திஸ்?"

"முகவுரை. எங்க நாட்டோடது. உனக்கு சிவிக்ஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"எங்கடை கனடா சார்ட்டரிலையும் ஒண்டு இருக்கு. பட் இட்ஸ் லைக், ஒரு லைன். காட், அண்ட் ரூல் ஆஃப் லோ. அவ்வளவுதான். பீப்பிள் எண்டு இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கடை பெட்டரா இருக்கு" என்றாள்.

என் மகள் ஒரு விஷயத்தில் என்னைப் பாராட்டுவது ஐந்து வருஷத்தில் முதல் தடவை. சாசனத்தை எழுதியவர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

"சரி, நீங்கள் எழுதப்போற 'நாம்' ஹூ? அதுக்கை நான் இருக்கிறனா? நீங்கள் இருக்கிறீங்களா?"

"போய்ச் சாப்பிடு" என்றேன்.

4

நியாயம் பேசுவதற்கு முன்னால் என் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

திண்டுக்கல்லில் எங்கள் தட்டச்சர் அறையில் ஒரு எவர்சில்வர் தண்ணீர் டிரம் இருந்தது. அதன் மூடிமேல் இரண்டு டம்ளர். மூன்றாவது ஒன்று, பச்சைப் பிளாஸ்டிக், ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கும். அது பேச்சியம்மாளுக்கு. கோர்ட்டைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணி. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது அங்கே மாட்டியிருந்தது. யார் மாட்டியது என்று நான் கேட்டதில்லை.

ஒரு குடியரசு நாளுக்கு, கொடியேற்றத்தில் எல்லோருக்கும் கொடுப்பதற்காக முகவுரையைத் தமிழில் நாற்பது பிரதி எடுக்கச் சொன்னார்கள். நான்தான் தட்டச்சு செய்தேன். பேச்சியம்மாள் கூட்டிக்கொண்டே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அதுல என்ன தாயி எழுதியிருக்கு? எல்லாத்துக்கும் குடுக்கப் போறாகளாமே?"

எனக்கும் நல்ல மனநிலை. சத்தமாக வாசித்துக் காட்டினேன். சமத்துவம் வந்த இடத்தில் விளக்கமும் சொன்னேன், எல்லாரும் ஒண்ணு, மேல் கீழ் கிடையாது, சட்டத்திலேயே இருக்கு என்று. பேச்சியம்மாள் கவனமாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னலிலிருந்து பச்சை டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

நான் மிச்சப் பிரதிகளை எடுத்தேன். எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அதன் பிறகும் இரண்டு வருஷம் அந்த அறையில் இருந்தேன். பச்சை டம்ளரும் இருந்தது. ஏலக்காயைப் பலமாகத் தட்டுவதற்குக்கூட பேச்சியம்மாளுக்கு அங்கே இடமில்லை. எனக்கு நடந்ததையும் அவருக்கு நடந்ததையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அவர் கதை வேறு, என் கதை எங்கே! ஆனால் மைதிலி 'ஹூ' என்று கேட்ட ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பச்சை டம்ளர்தான்.

5

முகவுரை எழுதினால் போதாது, பழைய யாப்பையும் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று அண்ணையிடம் சொல்லியிருந்தேன். பழக்க தோஷம். ரவி போய் வாங்கி வந்தார். நகலின் நகல். எழுத்துகள் பாதி மங்கிவிட்டன. ஊர்ப்பெயர் வரும் இடங்களில் எல்லாம் வெள்ளை மை பூசி, மேலே கையால் 'கொன்றையடி' என்று எழுதியிருந்தது. அப்போதே எனக்கு மூக்கு வேர்த்தது. கோர்ட்டில் இருந்தவளுக்கு வெள்ளை மையைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா?

நாலாவது பிரிவுக்கு வந்தேன். ஒரு பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, அடுத்த பக்கத்தின் முதல் வரியில் தொடர்கிறது. முழு உறுப்பினராக இருக்கும் தகுதி உடையவர்கள், 'தில்லைவெளியைப் பிறப்பிடமாகக் கொண்டோர் மட்டுமே'.

தில்லைவெளி! அது கொன்றையடிக்குப் பக்கத்து ஊர்!

திரும்பப் படித்தேன். விளக்கைப் பிரகாசமாக்கிப் படித்தேன். பிறகு நான் போட்ட சிரிப்பில் மைதிலி மாடியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். ஒன்றியம் தொடங்கிய நாளில், தில்லைவெளிக்காரர்களிடம் அவர்களுடைய யாப்பை இரவல் வாங்கி, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு இடம் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. முப்பது வருஷமாக ஒருவரும் படிக்கவில்லை! என்னையும் சேர்த்துத்தான். சட்டப்படி பார்த்தால் கொன்றையடி ஒன்றியத்தில் கொன்றையடிக்காரர் ஒருவரும் உறுப்பினர் இல்லை. தலைவரே இல்லை!

"இஞ்சரும், சும்மா இரும். உதை வெளியிலை சொல்லிப்போடாதையும்" என்றார் ரவி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. தில்லைவெளிக்காரர் யாரும் எங்கள் பனி மூடிய தோட்டத்தில் ஒளிந்திருந்து கேட்பது போல.

அண்ணைக்கு மட்டும் போன் செய்து சொன்னேன்.

"தங்கச்சி, அந்தக் காலத்திலை நாங்கள் ரெண்டு வேலை செய்துகொண்டு, ஒரு பேஸ்மெண்டிலை ஏழு பேர் இருந்தனாங்கள். ஞாயிறு பின்னேரம் இருந்து வைட்னர் பூசினது நான்தான். நித்திரை தூங்கிப்போட்டன் போலை." அவர் குரலில் உண்மையிலேயே வெட்கம். எனக்குப் பாவமாகிவிட்டது. "ஒண்டு செய்வம். அந்தச் சொல்லை நீங்கள் தட்டச்சிலை மாத்திவிடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. உங்களுக்கும் ஒரு ஏற்பாடு செய்யிறன். நீங்கள் எவ்வளவு செய்திருக்கிறியள். கூட்டத்திலை உங்களுக்கு மட்டும் விசேஷமா முழு உறுப்புரிமை, வாக்குரிமையோடை. நான் சொன்னால் ஒருத்தரும் மறுக்க மாட்டினம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. இருபது வருஷம் காத்திருந்த பொருள் தட்டில் வைத்து வருகிறது! அன்றைக்கு முழுவதும் அந்த நினைப்பில் வானத்தில் நடந்தேன். தேநீர் போடும் வேளையில் நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், மட்டக்களப்பு மருமகள் எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து தருவாள். அதை நினைத்துப் பார்த்தபோதுதான் இனிப்பு கசந்தது. அவள் என்னைவிட ஐந்து வருஷம் மூத்த தேநீர்க்காரி.

அடுத்த நாள் அண்ணைக்குச் சொன்னேன்: "எனக்கு மட்டும்னா வேண்டாம்ணே. நாலாவது பிரிவை நான் மாத்தி எழுதி முகவுரையோட கூட்டத்துல வைக்கிறேன். ஜெயிச்சா எல்லாருக்கும். தோத்தா நான் எப்பவும்போலத் தேத்தண்ணி போடுறேன்."

"உது சரிவராது, தங்கச்சி" என்றார். ஆனால் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

6

மைதிலி தானாகவே கூட்டத்துக்கு வந்தாள். வாசலில் அறுபது ஜோடி பனிச்சப்பாத்துகளுக்கு நடுவே தன் சப்பாத்தைக் கழற்றி வைத்தபோது, "ஐ வோண்ட் டு ஸீ திஸ்" என்றாள்.

மைக்கைப் பிடித்தேன். காகிதத்தைப் பிரித்த சரசரப்பு மைக்கில் கேட்டது. நான் எழுதியது இதுதான்:

'டொரொண்டோவிலும் அதைச் சுற்றியும் வாழும் கொன்றையடி மக்களாகிய நாம் – அங்கே பிறந்தவர்களும், அவர்களைக் கைப்பிடித்து வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களும் – ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போய் நிற்கவும், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கவும், எமக்குள் மேல் கீழ் பாராதிருக்கவும், மனதில் பட்டதை எவரும் அச்சமின்றி எழுந்து சொல்லவும் உறுதி பூண்டு, இந்த யாப்பை எமக்கு நாமே ஆக்கிக்கொள்கிறோம்.'

வாசித்து முடித்ததும் கைதட்டல் வந்தது. பரவாயில்லாத கைதட்டல். பிறகு புதிய நாலாவது பிரிவை வாசித்தேன், முகவுரையில் சொன்ன மூன்று வகையினரும் முழு உறுப்பினர் என்று. கைதட்டல் நின்றுவிட்டது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "கைப்பிடிச்சு வந்தவை எல்லாம் வாக்குப் போட்டால், நாளைக்கு ஊரைக் கண்ணாலை காணாத ஒராள் தலைவராகலாம். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எங்கை கூரை ஒழுகுது எண்டு அவருக்கு என்ன தெரியும்?"

நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சிவபாதம் அண்ணை எழுந்தார். அவர் மைக் கேட்கவில்லை.

"தங்கச்சி நல்லா எழுதியிருக்கிறா. நான் அதிலை பிழை சொல்லேல்லை. ஆனால் ஒண்டு சொல்லுறன். எனக்கு அங்கை வீடு இல்லை. காணி இருந்த இடம் இப்ப ஆமியின்ரை கம்பிவேலிக்குள்ளை. அயலட்டையிலை இருந்த சனம் திக்குத் திக்காப் போயிட்டுது. கொன்றையடியிலை பிறந்தனான் எண்ட ஒண்டுதான் என்னட்டை மிச்சம் இருக்கு. அதையும் எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கச் சொன்னால்…" உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை நாளும் அந்த நாலாவது பிரிவு என்னை வெளியே நிறுத்தப் பூட்டிய கதவு என்றே நினைத்திருந்தேன். அந்த மனிதருக்கு அது அவர் பிறந்த ஊருக்கான ஒரே அத்தாட்சி என்று எனக்குத் தெரியாது. அத்தையின் சான்றிதழுக்குப் பத்திரம் அடித்துக் கொடுத்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணே" என்றேன், "நீங்க அங்க பிறந்தத உங்ககிட்ட இருந்து யாரு எடுக்க முடியும்? எடுக்க வரலண்ணே. கூட நின்னு தூக்க வர்றோம். நாளைக்கு இந்தப் பிள்ளைங்கதானே அந்தப் பேரைச் சொல்லணும்? இப்பவே இவங்களைத் தேத்தண்ணி போட அனுப்பினா, அப்புறம் யாரு சொல்லுவா?"

அண்ணை தலையைக் குனிந்தபடி, "சரி. இப்ப வாக்கெடுப்பு" என்றார்.

உடனே என்ன நடந்தது தெரியுமா? பின்வரிசையில் இருபது நாற்காலிகள் சரக்கென்று பின்னால் நகர்ந்தன. தேநீர் போட எழுந்துவிட்டார்கள்! மட்டக்களப்பு மருமகள் சமையலறைக் கதவு வரை போய்விட்டாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எல்லாரும் திரும்பி வந்து இருங்கோ!"

அதட்டியது தவமணி அக்கா, சிவபாதம் அண்ணையின் மனைவி. கொன்றையடியில் பிறந்து வளர்ந்தவர். வாக்கெடுப்பு என்றால் கணவரின் கையைப் பார்த்துத் தன் கையைத் தூக்குவார். கூட்டத்தில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"ஆர் வாக்குப் போடலாம், ஆர் போடேலாது எண்டு எந்த யாப்பைப் பாத்துச் சொல்லுறியள்? பழசின்ரை படி இஞ்சை ஒருத்தருக்கும் வாக்கில்லை. அதிலை தில்லைவெளியார்தான் உறுப்பினர் எண்டு கிடக்காம். இந்தாள் மூண்டு கிழமையா நித்திரை கொள்ளேல்லை!"

மண்டபம் வெடித்தது. "என்ன?" "மெய்யே?" "தில்லைவெளியோ!" முன்வரிசைக்காரர் என் கையிலிருந்த பழைய யாப்பைப் பிடுங்கிப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடியும் பார்த்து, தலையில் கைவைத்தார். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் பரவி, அண்ணையின் தோளும் குலுங்கத் தொடங்கியது.

"அப்ப இப்ப ஆர்தான் வாக்குப் போடுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எழுந்தது மைதிலி. என் மகள், என் கதவைச் சாத்தும் மகள்!

"அம்மா வாசிச்சவாதானே? யாப்பை எமக்கு நாமே ஆக்குறம் எண்டு. யாப்பு எங்களை மேக் பண்ணேல்லை. வீ மேக் இட். அப்ப, இப்ப இந்த ரூமிலை இருக்கிற எல்லாரும்தானே? ஹூ எல்ஸ் இஸ் தேர்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது பிரதி தட்டச்சு செய்தும் எனக்கு விளங்காததை இவள் அரைகுறைத் தமிழில் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். சாசனத்தின் மற்ற பக்கங்கள் எல்லாம் யார் என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று பேசும். முகவுரை மட்டும், அதைச் சொல்கிற ஆட்கள் யார் என்று பேசுகிறது. அதற்கு முன்னால் இருப்பது நாம் மட்டும்தான், வேறு ஒன்றுமே இல்லை. எவ்வளவு பெரிய தைரியம் அது!

தவமணி அக்கா, "பிள்ளை சொல்லுறது சரி. இருக்கிற எல்லாரும் போடுங்கோ" என்றார்.

அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு மைதிலியைப் பார்த்தார். "ஓம், அப்பிடியே செய்வம்" என்றார். "பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட எல்லாரும். தங்கச்சி, நீங்கள்தான் குறிப்பு எழுதுறனீங்கள், நீங்களே எண்ணுங்கோ. முகவுரையையும் நாலாம் பிரிவையும் ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ."

7

கைகள் எழுந்தன. ஒரே நேரத்தில் எழவில்லை. தவமணி அக்காவின் கைதான் முதலில். இந்த முறை அவர் பக்கத்தில் யாருடைய கையையும் பார்க்கவில்லை. ரவி. மைதிலி. முன்வரிசைக்காரர்கூட, "சரி, வரட்டும்" என்று முணுமுணுத்தபடி தூக்கினார். பின்னால் மட்டக்களப்பு மருமகள் கையை முழங்கை வரை தூக்கி, சுற்றிலும் பார்த்து, பிறகு முழுக்க நீட்டினாள்.

நான் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணீர் மறைத்ததால் ஒரு வரிசையை இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. நாற்பத்தேழு. எதிர்த்தவர்கள் எட்டுப் பேர். சிவபாதம் அண்ணை இரண்டு பக்கமும் தூக்கவில்லை. மைக்கில் அறிவித்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கைதட்டல், விசில், யாரோ என் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். நிறைவேறிவிட்டது!

வழக்கம்போல அண்ணையிடம் குறிப்பேட்டை நீட்டினேன், அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுக் கொடுத்தால் தேநீரைப் பார்க்கலாம் என்று என் கால் ஏற்கெனவே சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது.

அவர் பேனாவைத் திறந்தார். எண்ணைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை.

"தங்கச்சி, நான் இஞ்சை இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார். "நீங்கள் எல்லாற்றை கையையும் எண்ணினீங்கள். உங்கடை கை எங்கை?"

நான் தூக்கவே இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு நினைவு வரவில்லை.

"கூட்டம் இன்னும் முடியேல்லை" என்றார் அண்ணை. மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, சத்தமே போடாத அந்த மனிதர், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒரு வாக்கு மிச்சம் இருக்கு, எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ."

எல்லோரும் பொறுத்தார்கள். நான் என் வலது கையைத் தூக்கினேன். அவர் நாற்பத்தேழை அடித்துவிட்டு, பக்கத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதினார்.